பட்டை வண்டி ஞானம்மாள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல், பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தபோது ஞானம்மாளின் மகள் மெர்சி போனில் அழைத்தார். "மாமா, அம்மா பஸ்ஸுலயே போயிட்டாங்க மாமா" என்றார். லேத் சத்தத்தில் எனக்குச் சரியாக விளங்கவில்லை. "எங்க கண்ணு போயிருக்காங்க?" என்று கேட்டேன். அழுகை மட்டும் கேட்டது. என் கை தானாகப் போய் லேத்தை நிறுத்தியது.

அவிநாசியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். ஜன்னலோர இருக்கை. காந்திபுரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, தூங்குகிறார் என்று நினைத்து கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். மடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பேரிங்குகள் இருந்தன. மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்து மூன்று. அவ்வளவு ரத்தத்தைப் பார்த்த ஒருவர் இவ்வளவு சத்தமில்லாமல் போனதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடக்கத்தன்று பேசியவர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். பகைவனை மன்னித்த தேவதை என்றார்கள். நான் அவரோடு பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவன். ஞானம்மாள் பொறுமைசாலி அல்ல. யாரையும் மன்னித்துவிட்டதாக என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவரைத் தெரியாதவர்களுக்காகவும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருப்பதால் அவருடைய ஊரின் பெயரையும் எதிராளியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்குச் சிறிய பட்டறை. வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பா காலம் வரை தோட்டம். என் காலத்தில் பம்புசெட் உதிரி பாகங்கள். ஞானம்மாள் அதற்கு முன் ஒரு இரும்பு வார்ப்பு பவுண்டரியில் வேலை பார்த்தவர். அங்கே இடைவேளைகளில் வெல்டிங் பழகியிருக்கிறார். வேலை கேட்டு வந்த அன்று, பெண்களை வெல்டிங்குக்கு வைத்துப் பழக்கமில்லை என்று நான் இழுத்தேன்.

"பழக்கமெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்ண்ணா. ரெண்டு துண்டு இரும்பு குடுங்க. பத்த வெச்சுக் காட்டறனுங்க. உட்டுப்போச்சுன்னா நான் ஊட்டுக்குப் போயிடறேன்" என்றார்.

அவர் பற்றவைத்த துண்டைச் சம்மட்டியால் அடித்தேன். இரும்பு வளைந்தது. ஒட்டு விடவில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார்.

அவர் குணத்தைச் சொல்ல ஒரு டம்ளர் கதை போதும். லேத் ஓட்டப் புதிதாக வந்த டர்னர் ஒருவர் அவருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்து டீ ஊற்றினார். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரம் நானும் பார்த்தேன், பார்க்காதவன் போல இருந்தேன். ஏழாம் நாள் ஞானம்மாள் டீயைக் குடித்துவிட்டு, அந்த எவர்சில்வர் டம்ளரைப் பட்டடைக் கல் மேல் கவிழ்த்து, சம்மட்டியால் ஒரே அடியில் தகடாக்கினார். அதை டர்னர் கையில் கொடுத்து, "இனி யாருக்கும் ஊத்த முடியாதுங்க" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதே ஆண்டு ஒருநாள் என் கையில் இருந்த கிரைண்டிங் சக்கரம் வெடித்தது. ஒரு சில்லு, முழங்கைக்கு மேலே உள்பக்கம் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் சுவர் வரை பீய்ச்சி அடித்தது. மற்றவர்கள் துணி தேடி ஓடினார்கள். ஞானம்மாள் என்னைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, கட்டைவிரலைக் காயத்துக்குள் வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தினார். நான் வலியில் கத்தினேன்.

"அசையாதீங்ண்ணா! அசைஞ்சீங்கன்னா நான் உட்டுப்போடுவனுங்க. சத்தியமா உட்டுப்போடுவேன்" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும் வரை அந்த விரலை எடுக்கவில்லை. ஆட்டோவிலும் என் மேல் ஏறி உட்கார்ந்தபடியேதான் வந்தார். நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவது அந்த விரலால்.

இனி அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஞானம்மாளின் பிறந்த ஊர் தாராபுரத்துப் பக்கம், அமராவதிப் பாசனத்தில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து அவர்கள் குடியிருப்புக்கு நெல் வயல்களின் நடுவே ஒரு வண்டிப்பாதை இருந்தது. எட்டடி அகலம். கிராம வரைபடத்திலும் உண்டு. இருபுறமும் உள்ள வயல் ஒரே நிலத்துக்காரருடையது. அவர் மகன் தலையெடுத்த பிறகு, ஒவ்வொரு நடவுக்கும் பாதையையும் சேர்த்து உழுது தண்ணீர் கட்ட ஆரம்பித்தார். குடியிருப்பில் முப்பது வீடுகள். பிள்ளைகள் முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடம் போனார்கள். மனு கொடுத்தார்கள். அளக்க வந்தவர்கள் அளந்துவிட்டுப் போனார்கள்.

ஞானம்மாளின் தம்பி யாக்கோபு கட்டட வேலை செய்தவர். மனைவி சலோமி. குடியிருப்பில் கோயில் திருநாள் என்று ஞானம்மாள் அங்கே போயிருந்த ஒரு காலையில், நிலத்துக்காரர் மகன் டிராக்டரைப் பாதையில் இறக்கினார். யாக்கோபு போய் டிராக்டருக்கு முன்னால் நின்றார். "ஏனுங்க, வரப்போட நிறுத்திக்குங்க. இது வழிங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். மகன் இறங்கி வந்து, இருக்கைக்கு அடியில் வைத்திருந்த அரிவாளால் தொடையில் இரண்டு முறை வெட்டினார். பிறகு மறுபடி ஏறி உழவைத் தொடர்ந்தார். ஞானம்மாள் இதை இருபதடி தூரத்திலிருந்து பார்த்தார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அது நின்றது தார் ரோட்டில். நடுவே முக்கால் கிலோமீட்டர் சேறு. நான்கு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்தது. இரண்டு முறை கட்டில் சாய்ந்து யாக்கோபு சேற்றில் விழுந்தார். ஞானம்மாள் கூடவே ஓடி, காயத்தில் விரலை அழுத்திக்கொண்டே வந்தார். சேறும் ரத்தமும் கலந்து விரல் வழுக்கியது. அழுத்துவார், வழுக்கும், மறுபடி தேடி அழுத்துவார். ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றுவது தெரிகிறது. டிரைவர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறார். கடைசி வயலில், ரோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, யாக்கோபு இறந்தார்.

பதினைந்து நாள் கழித்து ஞானம்மாள் பட்டறைக்கு வந்தார். விரல் நகங்களுக்குள் இன்னும் கறுப்பு இருந்தது. என் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"உங்களுக்கு நின்னுச்சுங்களேண்ணா. என்ற தம்பிக்கு ஏன் நிக்கல?"

டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

"காரியத்தன்னைக்கு சந்தையில ஒரு அரிவா வாங்குனனுங்க. பையில வெச்சுக்கிட்டு அவன் ஊட்டுக்குப் போனேன். அதுக்குள்ள போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. கெடைச்சிருந்தான்னா வெட்டிப்போட்டிருப்பேன். இப்பவும் கெடைச்சா வெட்டுவேன்" என்றார். பிறகு, "எனக்கு ஒரு வண்டி செய்யோணுமுங்ண்ணா. சேத்துல போற வண்டி. ஒரு ஆளப் படுக்க வெச்சுக் கொண்டு போறாப்பல" என்றார்.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார். டயர் வைத்தால் புதையும். டேங்குக்கு இருப்பது போல இருபுறமும் பட்டை ஓட வேண்டும். பட்டை அகலமாக இருந்தால் கனம் பரவும், சேறு தாங்கும். அவர் வரைந்த விதத்திலேயே, பதினைந்து நாளும் தூங்காமல் இதைத்தான் யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். விபத்தில் நசுங்கிய ஒரு டீசல் சரக்கு ஆட்டோவிலிருந்து எஞ்சினும் கியர் பெட்டியும் பின்னச்சும் கிடைத்தன. கல் குவாரியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை நீளவாக்கில் அறுத்துப் பட்டையாக்கினார். அதன் மேல் குறுக்குக் கட்டைகளாக இரும்புச் சட்டங்களை வரிசையாக போல்ட் போட்டு முடுக்கினார். உள்ளே பட்டையைத் தாங்கி உருள, பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள். திருப்புவதற்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிகள் மட்டும். இடது கைப்பிடியை இழுத்தால் இடது பட்டை நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். அவ்வளவு எளிமையான யோசனை. ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பட்டை கழன்று விழுந்தது.

மழைக்குப் பிறகு சேறாகிக் கிடந்த ஒரு குட்டையில் சோதனை ஓட்டம் வைத்தோம். மூன்றாவது முறை, திருப்பத்தில் ஒரு போல்ட் அறுந்து, குறுக்குச் சட்டம் தெறித்து வந்து ஞானம்மாளின் வாயில் அடித்தது. இரண்டு முன்பற்கள் போயின. உதடு கிழிந்து தொங்கியது. நான் பதறி ஓடினேன். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு வண்டியைக் காட்டினார்.

"பல்லு போனாப் போகுதுங்க. பட்டை கழலாம நின்னுச்சு, பாத்தீங்களா?"

அன்றைக்கு அவர் சிரித்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு பார்க்கப் பயங்கரமாக இருந்தது. பல் கட்டச் சொல்லி எத்தனையோ முறை சொன்னேன். கடைசி வரை கட்டிக்கொள்ளவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஊரில் இறக்கினோம். ஞானம்மாள் பழைய பாதை இருந்த எட்டடிக்குள்ளேயே ஓட்டினார். வரைபடத்தை எடுத்துப் போய், அளந்து, இருபுறமும் குச்சி நட்டுக்கொண்டார். "அவங்க நாத்துல ஒண்ணு கூட மிதிபடக் கூடாதுங்க. நம்மது வழி. வழியில மட்டுந்தான் போவோணும்" என்று சலோமிக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னார். குடியிருப்பில் அதற்குப் 'பட்டை வண்டி' என்று பெயர் வந்தது. அந்தப் போகத்திலேயே இரண்டு பிரசவம், ஒரு பாம்புக் கடி, பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் என்று நான்கு பேரை அது தார் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான்கு பேரும் பிழைத்தார்கள்.

ஐந்தாவது ஆளை ஏற்ற அந்த வண்டி மிஞ்சவில்லை. ஜாமீனில் வெளியே வந்திருந்த நிலத்துக்காரர் மகன் பட்டப்பகலில் ஆறு பேரோடு வந்து பாதையில் மறித்தார். அது ஞாயிற்றுக்கிழமை, ஓட்டி வந்தவர் ஞானம்மாள். வண்டியில் அரிசி மூட்டைகளும் கேஸ் சிலிண்டரும் இருந்தன. சிலிண்டரை இறக்கி வைக்க மட்டும் விட்டார்கள். பிறகு டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். தடுக்கப் போன ஞானம்மாளைக் கடப்பாரையால் அடித்தார்கள். இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. விழுந்தவரின் முகத்தை ஒருவன் காலால் சேற்றில் அழுத்தினான். எழுந்தவர் வலது கையால் அவன் காதைப் பிடித்துக் கடித்துவிட்டார். "பாதிக் காது என்ற வாயில இருந்துச்சுங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

எரிந்த வண்டியின் எலும்புக்கூட்டை லாரியில் போட்டுக்கொண்டு, கையில் மாவுக்கட்டோடு என் பட்டறைக்கு வந்தார். அதற்கு மூன்றாம் நாள் நிலத்துக்காரர் மகனும் வந்தார். என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நீங்களும் தோட்டங்காட்டுக்காரங்கதானுங்களே. அவிங்களுக்கு எதுக்குங்க வண்டி? நெம்ப நல்லவருன்னு கேள்விப்பட்டனுங்க. ரெண்டு கையும் நல்லா இருக்குதுங்க உங்களுக்கு. அப்பிடியே நல்லா இருக்கட்டுமுங்க."

பேசிக்கொண்டே, கூட வந்தவனுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் சம்மட்டியை எடுத்து என் லேத்தின் முகப்பில் மூன்று அடி அடித்தான். வார்ப்பிரும்பு பிளந்தது. "வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அன்று மாலை ஞானம்மாளிடம், "இங்க வேண்டாம் அம்மணி. எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடி விழும் என்றே எதிர்பார்த்தேன். "செரிங்ண்ணா" என்று மட்டும் சொன்னார். ஒரு கையாலேயே அந்த எலும்புக்கூட்டுக்குச் சங்கிலி கட்டி, ஒரு வேனை வைத்து இழுத்துத் தன் வாடகை வீட்டு வாசலில் போட்டுக்கொண்டார்.

எட்டு நாள் என்னால் சோறு தின்ன முடியவில்லை. என் முழங்கைத் தழும்பை மனைவி ஒருநாள் தொட்டுக் காட்டினாள். ஒன்பதாம் நாள் கேஸ் வெல்டிங் செட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து எரிந்த பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அம்மணி" என்றேன்.

"மன்னிக்கறதெல்லாம் இருக்கட்டுமுங்க. அந்தச் சட்டத்தப் புடிங்க. எனக்கு ஒரு கைதான் இருக்குது" என்றார்.

இரண்டாவது வண்டி முதல் வண்டியை விடக் கனமானது. முன்னால் இழுவைக் கொக்கி வைத்தார். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றித் தகடு அடித்தார். ஊரில் அது மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, மெர்சியும் சலோமியும் குடியிருப்புப் பெண்கள் இருபது பேரும் இருபுறமும் மண்வெட்டியோடு நடந்து வந்தார்கள். யாரும் மறிக்கவில்லை.

அடுத்த ஆண்டு நடவுக் காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உருளைகளுக்கு பேரிங் மாற்ற நானும் அவரும் போயிருந்தோம். வேலை முடிந்து, பாதையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஞானம்மாள் ஓட்டினார். நான் பின்னால் தட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வயலில் நிலத்துக்காரர் மகன் டிராக்டரில் சேறடித்துக்கொண்டிருந்தார். வரப்பில் ஏற்றப் பார்த்தபோது டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பியது. எழுந்து நின்று, அப்படியே பின்பக்கமாக மல்லாந்தது.

வயலில் இருந்த இரண்டு ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டியரிங் மார்பை அழுத்த, ஒரு கால் சிக்கியிருக்க, அவர் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒருவர் அந்தத் தலையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மடையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. டிராக்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அக்கா, வண்டியக் கொண்டாங்கக்கா! முழுகறாருங்க!" என்று தலையைப் பிடித்தவர் கத்தினார்.

ஞானம்மாள் வண்டியை வயலுக்குள் திருப்பினார். பாதையை விட்டு அந்த வண்டி இறங்கியது அதுதான் முதல் தடவை. பாதித் தூரம் போனோம். நிறுத்தினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைப்பிடியையும் இழுத்துப் பிடித்தபடி அவர் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறு தாடைக்கு வந்தது. அந்த ஆளும் எங்களைத்தான் பார்த்தார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. தலையைப் பிடித்திருந்தவர், "அக்கா... அக்கா..." என்று அழுதார். நான் "போங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஆள் சாவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு நிமிடம் இருக்கும். சேறு வாய்க்குள் போய் அவர் இருமினார். ஞானம்மாள் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார். அது சொல் அல்ல. கைப்பிடிகளை விட்டார். வண்டி பாய்ந்தது.

கொக்கியில் சங்கிலியை மாட்டி டிராக்டரின் முன்னச்சில் கட்டினோம். ஆட்கள் கம்பத்தைக் கொடுத்து நெம்ப, பட்டைகள் சேற்றைக் கிழித்து வாரி இறைக்க, டிராக்டர் ஒரு முழம் எழுந்தது. அது போதுமானதாக இருந்தது. இழுத்து வெளியே போட்டோம். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டில் ஏற்றியதும் ஞானம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினார். "விரல உள்ள வெச்சு அழுத்துங்ண்ணா! வழுக்குச்சுன்னா மறுக்காப் புடிங்க!" நான் அழுத்தினேன். ஆறே நிமிடத்தில் தார் ரோட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே இறக்கிய பிறகு ஞானம்மாள் வாய்க்கால் ஓரம் போய் வாந்தி எடுத்தார்.

இதற்காக நிலத்துக்காரர் வழியை விட்டுக் கொடுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகன் ஒரு காலோடு வீடு திரும்பிய மாதமே பாதையில் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். பாதை வழக்கு இன்னும் நடக்கிறது.

கொலை வழக்கில் ஞானம்மாள்தான் முக்கிய சாட்சி. நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். டிராக்டர் கவிழ்ந்த கதையை அவரே ஆரம்பித்து, ஞானம்மாளைப் புகழ்ந்தார். பிறகு கேட்டார்: "உங்கள் தம்பியை வெட்டியவர் இவர்தான் என்று உண்மையிலேயே உங்களுக்குத் தெரியும் என்றால், இவர் உயிரை நீங்கள் காப்பாற்றியிருப்பீர்களா அம்மா? யார் வெட்டினார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லை. அதனால்தானே ஓடிப்போய்க் காப்பாற்றினீர்கள்?"

ஊன்றுகோலோடு நின்ற அந்த ஆளை ஞானம்மாள் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஓடிப்போகலீங்கய்யா. பாதி வழியில நிறுத்திப்போட்டேன். ரெண்டு நிமிசம் நின்னு பாத்தேன். சேறு வாய்க்குள்ள போறது தெரிஞ்சுது. சாகட்டும்னுதான் நின்னேன். வேற யாரா இருந்தாலும் நின்னிருக்க மாட்டனுங்க. என்ற தம்பிய வெட்டுனது இவன்னு இந்தக் கண்ணுல பாத்தேன். அதனாலதான் நின்னேன். இதுக்கு எனக்குத் தண்டனை உண்டுன்னா குடுங்கய்யா. வாங்கிக்கறேன்."

வக்கீல் தாளைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். பிறகு நிலத்துக்காரர் மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் கேட்டேன், அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு ஏன் போனீர்கள் என்று. பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஆள் பாத்து ஏத்தறதுன்னா, அதுவும் அவிங்க வழியாட்ட ஆயிடுமுங்ண்ணா. அதுக்கு நான் எதுக்கு வண்டி செய்யோணும்?" என்றார். பிறகு, "ஆனா நின்னதுக்கு நான் வருத்தப்படலீங்க. யாராச்சும் கேட்டா அப்பிடியே சொல்லிப்போடுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன் அம்மணி.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அடக்கம் என்று அறிவித்திருந்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் போய்வந்த சிறிய தேவாலயத்தில் பெட்டி திறந்திருந்தது. கை முறிவு சரியாகக் கூடாமல் கொஞ்சம் வளைந்திருந்த இடது கையை வலது கையின் மேல் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஊரிலிருந்து யாரும் வரவில்லை. பாதிரியார் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். மெர்சி, "அத்தை வராம மூட மாட்டோமுங்க" என்று பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

ஒரு மணிக்கு மேல் ஒரு வேன் வந்து நின்றது. சலோமியும் குடியிருப்புப் பெண்கள் பதினைந்து பேரும் இறங்கினார்கள். சேலை முழங்கால் வரை சேறு. காலையில் புறப்படும் நேரத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது. நடவு நேரம், பாதை முழுக்கத் தண்ணீர். இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடிக்க, சலோமி பட்டை வண்டியில் கொண்டுபோய் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். வெள்ளைத் தரையில் வாசலிலிருந்து பெட்டி வரை சேற்றுப் பாதங்கள் பதிந்துகொண்டே வந்தன. கோயில் வேலைக்காரர் துடைப்பத்தை எடுத்தார். பாதிரியார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சலோமி குனிந்து ஞானம்மாளின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பொட்டப்புள்ளைங்க அண்ணி. தாயும் புள்ளையும் நல்லா இருக்குதுங்களாம்."

பிறகு மெர்சி மூடச் சொன்னார்.

வணக்கம், ஞானம்மாள் அவர்களே. பயந்து ஒதுங்கிய ஒருவனையும் சட்டத்தைப் பிடிக்கச் சொன்னீர்கள். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.